ஈட்டிய செல்வமும் ஈந்த கல்வியும்: திருப்பூர் தந்த அவிநாசிலிங்கம்



திருப்பூர் என்றதும் உலகம் பனியனை நினைக்கிறது. விடுதலைப் போரின் வரலாறு அறிந்தோர் கொடிகாத்த குமரனை நினைக்கின்றனர். 1932 ஜனவரியில் தடியடி பட்டு உயிர் நீத்த அவ்விளைஞர் தம் வாழ்வை ஒரே நாளில் நாட்டுக்கு ஈந்தார். அதே மண்ணில் பிறந்து, அதே கொடியின்கீழ் நின்று, தம் வாழ்வை நாள்தோறும் சிறுகச் சிறுக ஈந்த மற்றொருவரும் உண்டு. அவரே தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். குமரனுக்குச் சிலை உண்டு. ஊர்தோறும் பெயர் உண்டு. அவிநாசிலிங்கனாரின் பெயரை இன்றைய திருப்பூர்ச் சிறுவருள் எத்தனை பேர் அறிவர்?

1903 மே 5ஆம் நாள் திருப்பூரில் வளமான வணிகக் குடும்பத்தில் அவர் தோன்றினார். சென்னையில் பயின்று சட்டப் பட்டமும் பெற்றார். செல்வம் ஒருபுறம், வழக்கறிஞர் தொழில் மறுபுறம் என இரண்டு கதவுகள் அவருக்குத் திறந்திருந்தன. அக்காலத் திருப்பூரோ கதர் இயக்கத்தின் பெரும் நிலையமாய் விளங்கியது. காந்தியடிகளின் அழைப்பும், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் சிந்தனையும் அவரை மூன்றாவது கதவுக்கு இட்டுச் சென்றன. விடுதலைப் போரில் பலமுறை சிறை புகுந்தார். மத்திய சட்டசபையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றினார். இல்லறம் ஏலாது பொதுவறமே தம் குடும்பம் எனக் கொண்டார்.

உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டை உலுக்கிய 1930ஆம் ஆண்டிலேயே, கோவையில் ஸ்ரீ இராமகிருஷ்ண வித்யாலயம் என்னும் சிறு உண்டுறைப் பள்ளியை அவர் தொடங்கியது கருதத்தக்கது. ஆட்சி மாறிய பின்னர்க் கல்வியைக் கவனிக்கலாம் என அவர் காத்திருக்கவில்லை. சாதி வேற்றுமை பாராது பிள்ளைகள் ஒன்றாய் உண்டு, உறைந்து, கைத்தொழிலும் கற்கும் இடமாக அது வளர்ந்தது. 1934இல் காந்தியடிகள் அதன் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அது இன்று பல கல்லூரிகளைத் தன்னுள் கொண்ட பெருநிறுவனம்.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக அவர் இருந்தார். மூன்றாண்டு என்பது அரசியலில் மிகக் குறுகிய காலம். ஆயினும் அம்மூன்றாண்டின் பயனை இன்றும் நாம் துய்க்கின்றோம். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக வேரூன்ற உழைத்தார். திருக்குறள் மாணவர்தம் பாடத்தில் இடம்பெற வழி செய்தார். பாரதியாரின் படைப்புகளை அரசு பெற்று மக்களுக்கு உரிமையாக்கிய முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு.

அவற்றுள் ஒன்றைத் தனித்துச் சொல்லுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டமாகும். நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் நெடுங்காலக் கனவு அதில் உருப்பெற்றது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கவும், சொத்து வரியோடு சிறு நூலக வரி தண்டவும் அச்சட்டம் வகை செய்தது. நிதியைக் கொடையாளரின் மனநிலைக்கு விட்டுவிடாமல் சட்டத்தால் உறுதி செய்ததே இதன் நுட்பம். கடையும் கிடங்கும் உடையவர் செலுத்தும் வரியில் ஒரு சிறு பகுதி, காசில்லாச் சிறுவன் கையில் நூலாகிறது. ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்து வழங்குவதைச் சாத்திர தானம் எனப் போற்றிய நம் முன்னோர்க்கு இதன் அருமை விளக்க வேண்டுவதில்லை.

1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, தமிழ்க் கலைக்களஞ்சியப் பணியையும் அவர் தொடங்கி வைத்தார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. பதவி நீங்கியதும் பணி நிற்கவில்லை என்பதை இவ்வாண்டுகளே காட்டும். 1952இல் திருப்பூர் மக்கள் அவரை முதல் மக்களவைக்கு அனுப்பினர். பின்னர் மாநிலங்களவையிலும் இருந்தார். 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி நிறுவினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததைத் தம் கண்ணாலேயே கண்டார். 1970இல் பத்மபூஷண் விருது அவரைச் சேர்ந்தது. 1991இல் மறைந்தார்.

பெருமக்களே, இவ்வரலாறு நம்மை ஒரு வினா கேட்கிறது. திருப்பூர் இன்று ஏற்றுமதியால் வளர்ந்த நகர். தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வருகின்றன. தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்க, மொழி புரியாப் பள்ளியின் கடைசி வரிசையில் அமரும் பிள்ளை, சில ஆண்டுகளில் படிப்பை விட்டுக் கம்பெனி வாயிலுக்கே வந்து நிற்கும் ஆபத்து உண்டு. அவ்வாறு ஒரு பிள்ளை வந்து நின்றால், இழப்பு அக்குடும்பத்தோடு முடிவதில்லை. அவ்வுழைப்பால் வளரும் ஊருக்கும் அதில் பொறுப்புண்டு.

இதற்கு அமைச்சராதல் வேண்டா. தம்மிடம் பணிபுரியும் ஒருவரின் பிள்ளை இவ்வாண்டு எந்த வகுப்பில் பயில்கிறது என முதலாளி ஒருவர் கேட்டறிதல் எளிது. அப்பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் கற்பித்தல் நம் இளைஞர்க்கு எளிது. அருகிலுள்ள கிளை நூலகத்தில் அதனை உறுப்பினராக்குதல் இன்னும் எளிது. அந்நூலகத்திற்கு நாம் முன்னரே வரி செலுத்தியும் இருக்கின்றோம். அவிநாசிலிங்கனாரும் கையில் பதவி வரும்வரை காத்திராமல், ஒரு சிறு பள்ளியிலிருந்தே தொடங்கினார். நாம் ஒரு பிள்ளையிலிருந்து தொடங்குவோமாக.