ஆலை எங்கே அமைவது? யார் தீர்மானிப்பது?

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

ஆலை எந்த ஊரில் அமைகிறது என்பது முதலாளிக்கு லாபக் கணக்கு. நமக்கோ சோற்றுக் கணக்கு. இதற்கு நமது திருச்சியே சாட்சி.

வெள்ளைக்காரனின் தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்தில் பட்டறை நடத்தியது. 1920களின் கடைசியில் அதைப் பொன்மலைக்கு மாற்றியது. மாற்றும் சாக்கில் ஆட்களைக் கழிக்கத் தொழில் பரீட்சை என்ற கத்தியையும் எடுத்தது. 1928 ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் சிறை புகுந்தார். பட்டறையை இழந்து நாகை வாடியது. பொன்மலையிலாவது சுகம் இருந்ததா? 1946 செப்டம்பர் 5ல் போலீஸ் துப்பாக்கி ஐந்து தோழர்களைப் பலி கொண்டது!

இன்னொரு காட்சி திருவெறும்பூர். சோஷலிஸ்ட் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு நமது அரசாங்கம் அங்கே கொதிகலன் ஆலையைக் கட்டியது. 1965ல் உற்பத்தி தொடங்கியது. கொதிகலன் என்பது என்ன? கணக்கற்ற குழாய்கள், பற்றவைத்த இணைப்புகள். ஓர் இணைப்பில் ஊசித்துளை விழுந்தாலும் நீராவி பீறிடும். மின் உற்பத்தி நிற்கும். ஆகவே 1975ல் அந்த ஆலையிலேயே ஐ.நா. உதவியுடன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. வெல்டர் கண்ட குறையை விஞ்ஞானி ஆராயலாம். விஞ்ஞானி கண்ட முறையை வெல்டர் செய்து பார்க்கலாம். கையும் மூளையும் ஒரே இடத்தில்!

அந்நியக் கம்பெனிகள் பலவற்றின் வழி வேறு. ஆராய்ச்சி அவர்கள் நாட்டில். உற்பத்தி மட்டும் கூலி மலிந்த நாட்டில். வரைபடம் இங்கே வரும். ராயல்டி அங்கே போகும். வேறிடத்தில் கூலி இன்னும் மலிந்தால் ஆலையும் நடையைக் கட்டும்.

பொதுத்துறை வந்ததோடு நமது வேலை முடிந்துவிடவில்லை. 2010களின் பிற்பகுதியில் கொதிகலன் ஆர்டர்கள் குறைந்தபோது, அந்த ஆலையை நம்பிய சிறு பட்டறைகள் தவித்ததைக் கண்டோம். மின்சாரம் இன்று சூரிய ஒளியையும் காற்றையும் நாடுகிறது. அதற்கான இயந்திரங்களின் ஆராய்ச்சியும் உற்பத்தியும் பொதுத்துறையில், இதே திருச்சியில் நடக்கட்டும் என்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு என்கிறோம்.

வாழைத் தோட்டத்தில் பாடுபடும் தோழர்களே! இது உங்கள் பிரச்னையுமாகும். உங்கள் பிள்ளை உள்ளூரில் தொழில் கற்று வெல்டராவதா, பிழைப்புத் தேடி அயலூருக்கு ரயிலேறுவதா? முதலாளி தீர்மானித்தால் லாபம் தீர்மானிக்கும். ஆலையும் வயலும் ஒன்றுபட்டு நின்றால் நாம் தீர்மானிப்போம்!

ஓங்குக தொழிலாளர் - விவசாயிகள் ஒற்றுமை!