அழுத்த ஆக்ஸிஜனும் ஆறாத கால் புண்ணும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதி அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தே பழகியவர்கள் நாம். எல்லைக்கு அப்பால், முன்சிறையில் தொடங்கும் சிவாலய ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களும் உண்டு. சர்க்கரை வியாதியால் காலில் உணர்ச்சி மங்கிவிட்டால், முள் தைத்தாலும் தெரியாது. புண் ஆறாமல் நின்றுவிட்டால், "ஹைப்பர்பாரிக் ஆக்ஸிஜன் கொடுங்கோ, ரத்த ஓட்டம் கூடிடும்" என்று யாராவது சொல்வார்கள்.

கூடாது, அந்த அறைக்குள் இருக்கும்போது ரத்த ஓட்டம் குறையத்தான் செய்யும். ஆக்ஸிஜன் மிகும்போது சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. பின் எப்படிப் பயன்?

நம் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே அநேகமாக நிரம்பிவிடுகிறது. அதில் மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் சோடாவில் வாயுவை அழுத்திக் கரைப்பதுபோல், ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆக்ஸிஜனைக் கரைக்கலாம். சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லி. 3 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் சுமார் 6 மில்லி! ஓய்வில் உடலின் தேவைக்கு அதுவே ஏறக்குறைய போதும். 1960-ல் ஆம்ஸ்டர்டாம் டாக்டர் போரெமா, சிவப்பணுக்களை அநேகமாக நீக்கிய பன்றிகளையே இம்முறையில் உயிரோடு வைத்துக் காட்டினார். குழாய் சுருங்குவதால் வீக்கமும் வடியும். பல வாரங்களில் புது நுண்குழாய்கள் முளைக்கலாம்.

ஆனால் அடைபட்ட பெரிய ரத்தக்குழாயை இது திறக்காது. என் அத்திம்பேர் விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். பத்துப் பதினைந்து முறை அறைக்குள் உட்கார்ந்த பிறகே காலுக்கு டாப்ளர் எடுத்தார்கள். அதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலிலேயே கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2010-ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில் ஓராண்டில் நூற்றுக்கு 52 பேருக்குப் புண் ஆறியது. சிகிச்சை பெறாதவர்களில் 29. கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களிடம் நடத்தி, 2018-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் காலைக் காப்பாற்றுவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பணம் கட்டுமுன், "பாதத்தில் நாடி கிடைக்கிறதா? டாப்ளர் பார்த்தாச்சா? அடைப்பு நீக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், 30, 40 தடவை போக வேண்டிவரும். சர்க்கரை இறங்கலாம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காது அடைக்கும். நுரையீரல் கோளாறு இருந்தால் முன்னரே சொல்லிவிடுங்கள். தீ பற்றும் அபாயத்தால் பருத்தித் துணி மட்டுமே. தலைக்குத் தேங்காயெண்ணெய், நம்மவர்களுக்குக் கஷ்டம்தான், அன்று கூடவே கூடாது.