கூச்சமா? நோயா?



காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் தொட்டால் தெரியாமல், ஒரு பிள்ளையின் படிப்பையும் பிழைப்பையும் கெடுக்கிற நோய் ஒன்று உண்டு. அதை நாம் நோய் என்றே நினைப்பதில்லை. "சங்கோஜி", "வாயில்லாப் பூச்சி" என்று பெயர் வைத்து விட்டுவிடுகிறோம். அதுதான் சமூக அச்ச நோய்.

கூச்சம் வேறு, நோய் வேறு

கூச்சம் யாருக்குத்தான் இல்லை? முதல் தடவை மேடை ஏறினால் எவருக்கும் நெஞ்சு படபடக்கும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அது நோயல்ல. நாலு பேர் பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேலும் விடாமல் இருந்து, அதனால் படிப்போ, வேலையோ, நல்லது கெட்டதுக்குப் போய் வருவதோ தடைப்பட்டால், அது நோயாக இருக்கலாம்.

அடையாளங்கள் என்ன?

பாடம் தெரிந்தும், வகுப்பில் எழுந்து நின்றால் குரல் அடைத்துக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் ஆள் இருந்தால் சோறு இறங்காது. வங்கியில் மற்றவர் பார்க்கக் கையெழுத்துப் போடக் கை நடுங்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவரே "ரேகை வைத்துவிடுகிறேன்" என்பார். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டவர் பஸ் நிலையத்திலிருந்தே திரும்பிவிடுவார். கர்ப்பிணிப் பெண், வரிசையில் எல்லோரும் பார்ப்பார்களே என்று பரிசோதனைக்கே வரமாட்டாள். போக வேண்டிய நாளுக்கு முன்பே தூக்கம் கெடும். வந்த பிறகும் "அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ" என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே இது துவங்குகிறது. பிறவிச் சுபாவம், குடும்பவாகு, பலர் முன்னிலையில் பட்ட அவமானம் எல்லாம் காரணமாகலாம். இது செய்வினையல்ல, கர்வமல்ல, சோம்பலுமல்ல. 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது.

பயம் எப்படி வளர்கிறது?

பயந்த இடத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி கைமாற்று வாங்கிய பணம் மாதிரி. அடுத்த தடவை பயம் வட்டியோடு வந்து நிற்கும். சில ஆண்கள் தைரியத்துக்கென்று குடிக்கத் தொடங்கி, இரண்டு நோய்க்கு ஆளாகிறார்கள். பயத்தோடேயே கொஞ்ச நேரம் அங்கே நின்று பார்த்தால், படபடப்பு தானாகவே தணியும். சிகிச்சைக்கு அடிப்படையே இதுதான்.

வீட்டார் செய்ய வேண்டியது

விருந்தாளி முன்னால் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு" என்று வற்புறுத்தாதீர்கள். "உனக்கு வாயே கிடையாதா?" என்று ஏசாதீர்கள். அதற்காகப் பிள்ளை பேச வேண்டியதையெல்லாம் நீங்களே பேசிவிடவும் வேண்டாம். படிப்படியாகப் பழக்குங்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை; பிறகு கடையில் தானே கேட்டு உப்பு வாங்குவது; பிறகு பஸ்ஸில் தானே டிக்கெட் எடுப்பது. ஒரு படி பழகிய பின் அடுத்த படி.

இன்னொன்று. ஆண்பிள்ளை பேசாவிட்டால் திட்டுகிறோம்; பெண்பிள்ளை பேசாவிட்டால் "அடக்கமான பொண்ணு" என்று மெச்சுகிறோம். அந்தப் பாராட்டிலேயே அவள் நோய் மறைந்துபோகிறது. "கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்" என்பதும் வைத்தியமல்ல.

சிகிச்சை உண்டு

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கோளாறாலும் படபடப்பும் கைநடுக்கமும் வரலாம்; பரிசோதித்துச் சொல்வார். தேவையானால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புவார். எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தரும். சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும். அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக நிறுத்தக் கூடாது. கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. "செத்துப்போகலாம் போலிருக்கு" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

இந்த நோய் உள்ளவர் மருத்துவர் முன் வரவும் பயப்படுவார். ஆகவே வீட்டில் ஒருவர் துணைக்கு வர வேண்டும். பேச வாய் வராவிட்டால், உள்ளதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நேரில் வர இயலாதவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவர் யார் என்று இன்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கேலி செய்யாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். குணப்படுத்தக்கூடிய நோய்க்காக ஒரு பிள்ளையின் வாழ்வு வீணாக வேண்டாம்.