ரெடிமேட் கம்ப்யூட்டரா, அசெம்பிள் செய்ததா?

(கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் வாங்கக் கடன் வேணும்னு குழுக்களில் மனு வருகிறது. ஒருவர் ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கக் கேட்கிறார். இன்னொருவர் கல்லூரியில் படிக்கிற மகளுக்காகக் கேட்கிறார். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குழு முடிவு செய்யும். கடன் கிடைத்த பிறகு எதை வாங்குவது? இன்று நாம் அதைப் பேசுவோம்.

கடையில் இரண்டு வகை உண்டு. டெல், எச்பி, லெனோவா, ஏசர் மாதிரி கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் பொருத்தி, பெட்டியில் போட்டு விற்பது ஒன்று. மதர்போர்டு, புராசசர், ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் என்று தனித்தனியாக வாங்கிப் பொருத்துவது இன்னொன்று. இதைத்தான் அசெம்பிள் என்கிறோம். சென்னை ரிச்சி தெரு இதற்குப் பேர் போனது. நம்ம பக்கத்து டவுனிலும் செய்து கொடுக்கிறார்கள்.

ரவிக்கையை நினைச்சுப் பாருங்க. ரெடிமேட் எடுத்தால் அன்றைக்கே போட்டுக்கலாம். துணி எடுத்துத் தைத்தால் நம்ம அளவுக்கு இருக்கும். உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம். ஆனால் டெய்லர் நல்லவராக இருக்கணும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். அசெம்பிள் செய்ததில் நாளைக்கு ராம் கூட்டலாம், பெரிய எஸ்எஸ்டி போடலாம். எஸ்எம்பிஎஸ் போனால் பொது அளவில் வேறொன்று வாங்கி மாட்டலாம். கம்பெனி மெஷின் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்சும் மதர்போர்டும் அந்தக் கம்பெனியின் தனி அளவில் இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு கிடைப்பது சிரமம், விலையும் கூடுதல்.

"அசெம்பிள்னா விலை குறைவுதானே?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. 2025 கடைசியில் ராம் விலை வேகமாக ஏறியது. அதனால் பழைய கொட்டேஷனை நம்பிப் போகாதீர்கள். ஒரே வாரத்தில் இரண்டு வகைக்கும் விலை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். "விண்டோஸ் சும்மா போட்டுத் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னால் அது பெரும்பாலும் திருட்டுக் காப்பி. காசு கொடுத்து லைசென்ஸ் வாங்குங்கள். இல்லையென்றால் இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸ் போடச் சொல்லுங்கள்.

விலையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கணக்குக்காக 30,000 ரூபாய் கடன், 24 தவணை, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைப்போம். முதல் மாதம் அசல் 1,250, வட்டி 300, ஆக 1,550 ரூபாய் கட்டணும். மெஷின் பழுதாகி இரண்டு மாதம் மூலையில் கிடந்தால் வருமானம் நின்று போகும். தவணை நிற்காது. அதனால் கடைக்குப் போகும் முன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது நின்னு போனா யார் வந்து ஓட வைப்பாங்க?"

பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், சில வருடங்களாகக் கடை நடத்துகிற, கூப்பிட்டால் வருகிற மெக்கானிக் இருந்தால் அசெம்பிள் செய்யலாம். அப்படி யாரும் இல்லையென்றால் கம்பெனி மெஷினே நல்லது. ஆனால் வாரண்டி எத்தனை வருடம், 'ஆன்சைட்' உண்டா என்று கேளுங்கள். ஆன்சைட் என்றால் ஆள் நம் இடத்துக்கு வருவார். இல்லையென்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு நாம்தான் சர்வீஸ் சென்டருக்கு அலையணும். நம்ம ஊர் பின்கோடு சொல்லி, அங்கே வருவார்களா என்று முன்பே உறுதி செய்யுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு என்றால் லேப்டாப்தான் சரி. அதில் அசெம்பிள் பேச்சே இல்லை.

விண்ணப்பம் போட, கணக்கு எழுத 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அந்தக் காசில் நல்ல எஸ்எம்பிஎஸ்சும் யுபிஎஸ்சும் வாங்குங்கள். திடீரென்று கரண்ட் போனால் செய்த வேலையைச் சேமித்து நிறுத்த யுபிஎஸ் நேரம் கொடுக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய மெஷின் மலிவாக வந்தால் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2017-க்கு முன் வந்த புராசசர் உள்ள மெஷின்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை.

கடைசியாக, பில். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். மயங்காதீர்கள். அசெம்பிள் மெஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. உதாரணமாக, பெட்டியோடு வரும் இன்டெல், ஏஎம்டி புராசசர்களுக்குப் பொதுவாக 3 வருடம். பில் இல்லாவிட்டால் அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் நம்பரும் பில்லில் எழுதியிருக்கணும். பெட்டிகளைப் பிரிப்பதை நம் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். பில்லின் நகலைக் குழுவின் கடன் கோப்பிலும் வையுங்கள்.

பில் இருந்தால் நமக்குச் சட்டம் துணை. ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கம்ப்யூட்டர் கடன் மனு வரும் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இரண்டு கொட்டேஷனையும், பழுது பார்க்கும் ஆளின் பெயரையும் கேட்டு வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வாங்கிய மெஷின் ஓடினால்தான் தவணையும் ஓடும்.