பெருவிண்மீன்களின் முதுமை

நம் பஞ்சாங்கத்து நட்சத்திரங்களில் ரோகிணி, திருவாதிரை, சுவாதி, கேட்டை ஆகிய நான்கும் வெறுங்கண்ணுக்கே செம்மை படர்ந்து தெரிபவை. நான்குமே சூரியனைவிடப் பன்மடங்கு பருத்தவை. 1905இல் டென்மார்க்கின் வானியலாளர் ஹெர்ட்ஸ்புருங், சிவந்த விண்மீன்கள் மிகுந்து ஒளிரும் பெருவிண்மீன்கள், மங்கிய குறுவிண்மீன்கள் என இரு கூட்டங்களாகப் பிரிவதைக் கண்டார். நிறம் ஒன்றாயின் மேற்பரப்பின் வெப்பநிலையும் ஒன்று. ஒவ்வொரு சதுர மீட்டரும் வீசும் ஒளியும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு ஒளிர்கிறதென்றால் அதன் பரப்பே அத்தனை மடங்கு விரிந்திருக்க வேண்டும். 1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கேல்சனும் பீஸும் இதை நேராகவே அளந்து காட்டினார்கள். நூறு அங்குலத் தொலைநோக்கியின் முகப்பில் இருபதடி எஃகு உத்தரம் ஒன்றைப் பொருத்தி, அதன்மீது இரு கண்ணாடிகளை மெல்ல மெல்ல விலக்கினார்கள். இடைவெளி பத்தடி அளவை எட்டியபோது இரு கண்ணாடிகளிலிருந்தும் வந்த திருவாதிரையின் ஒளி ஒன்றுசேர்ந்து உண்டாக்கிய பட்டைகள் மறைந்தன. அந்த இடைவெளியிலிருந்து விண்மீனின் கோண விட்டம் கிடைத்தது.

அளவு தெரிந்துவிட்டது, வயது? அமெரிக்க வானியலாளர் ரஸல் 1913இல் முன்வைத்த கருத்துப்படி பெருவிண்மீன்கள் குழந்தைகள். தளர்ந்து பரந்த வாயுவாகப் பிறந்து, சுருங்கிச் சூடேறி, பிறகு ஆறிக் குறுவிண்மீன்களாகின்றன என்றார் அவர். அன்றைய இயற்பியலுக்கு அது முற்றிலும் பொருந்திய விளக்கம். விண்மீன்களை ஒளிரவைப்பது அணுக்கரு இணைவு என்பதை அப்போது எவரும் அறியார். ஆனால் வரிசையை அவர் தலைகீழாகப் படித்தார் என்பதே என் வாதம். பெருவிண்மீன் என்பது தனி இனமன்று. உள்ளகத்தில் ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்ட விண்மீன் அடையும் முதுமைப் பருவம்.

ஒரு விண்மீன் முதுமையடைவதை யாராவது உடனிருந்து பார்த்ததுண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்க நம்மால் முடியாதுதான். ஆனால் ஊரிலுள்ள எல்லா வயதினரையும் ஒரே நாளில் பார்த்து மனித வாழ்வின் போக்கை அறிவதுபோல், விண்மீன் கொத்துகளைப் பார்த்து அறியலாம். ஒரு கொத்தின் உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. கார்த்திகைக் கொத்துக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். அதில் நீல விண்மீன்கள் பிரகாசிக்கின்றன. சிவப்புப் பெருவிண்மீன் ஒன்றுகூட இல்லை. அதற்கு அருகில், ரோகிணியைச் சுற்றித் தெரியும் ஹயாடீஸ் கொத்துக்கு வயது சுமார் 65 கோடி ஆண்டுகள். (ரோகிணி அதன் உறுப்பன்று, நமக்கும் அதற்கும் இடையில் நிற்பது.) ஹயாடீஸில் நான்கு பெருவிண்மீன்கள் இருக்கின்றன. ஆயிரம் கோடி ஆண்டுகளைக் கடந்த கோளகக் கொத்துகளிலோ, நிறத்துக்கு எதிராக ஒளிர்வைக் குறித்த வரைபடத்தில், பெருவிண்மீன்கள் நீண்டதொரு கிளையாகவே அமைகின்றன. பெருவிண்மீன்கள் குழந்தைகளாயின் இளைய கொத்தில்தான் மிகுந்திருக்க வேண்டும்.

எரிபொருள் தீர்ந்தால் சுருங்கத்தானே வேண்டும், ஏன் உப்ப வேண்டும் என்பது இதைவிடக் கடினமான தடை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரும் பிரேசிலின் ஷோன்பெர்க்கும் 1942இல் ஒரு வரம்பைக் கணக்கிட்டார்கள். இணைவு நின்றுபோன ஹீலிய உள்ளகம், விண்மீனின் மொத்த நிறையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலிருக்கும் சுமையைத் தாங்காது. அப்போது அது வேகமாகச் சுருங்கும். அதைச் சூழ்ந்த மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் எரிந்துகொண்டிருக்க, வெளியுறை விரிந்து ஆறிச் சிவக்கும். சுருக்கம் நிகழத்தான் செய்கிறது, ஆனால் உள்ளே. சூரியனைப் போன்ற நிறை குறைந்தவற்றில் எலெக்ட்ரான்களின் அழுத்தம் உள்ளகத்தைத் தாங்குவதால் இதே மாற்றம் நிதானமாக நடக்கிறது.

முதுமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1952இல் அமெரிக்க வானியலாளர் மெரில் சில பெருவிண்மீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கண்டார். அதன் மிக நீண்ட ஆயுளுள்ள ஐசோடோப்பின் அரைவாழ்வே சுமார் 42 லட்சம் ஆண்டுகள்தான். பிறந்தபோதே பெற்றிருந்தால் எப்போதோ அழிந்திருக்கும். அந்த விண்மீனுக்குள்ளேயே சமைந்தாக வேண்டும். சுருங்குவதால் மட்டும் ஒளிரும் குழந்தைக்கு அந்தத் திறன் கிடையாது.

ரஸலை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. பிறக்கும் விண்மீன்களும் பெருத்துச் சிவந்தே இருக்கின்றன என்று 1961இல் ஜப்பானின் ஹயாஷி காட்டினார். ஆனால் அவற்றை முதியவற்றிலிருந்து பிரித்தறியலாம்: அவை தாம் பிறந்த வாயு மேகங்களை ஒட்டியே காணப்படுகின்றன. எளிதில் அழியும் லித்தியமும் அவற்றில் மிகுதி.

இன்னொரு மறுப்பும் உண்டு: திருவாதிரைக்கு வயது ஒரு கோடி ஆண்டு அளவே, 460 கோடி ஆண்டு கடந்த சூரியனை நடுவயது என்றும் அதை முதியது என்றும் சொல்வது எப்படி? ஆண்டுகளைக் கொண்டு பார்த்தால் முரண்தான். ஆனால் நிறை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளைப் பல்லாயிரம் மடங்கு வேகத்தில் செலவிடுகிறது. சூரியன் தன் உள்ளகத்து ஹைட்ரஜனைத் தீர்க்க இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் ஆகும். திருவாதிரை அதை எப்போதோ தீர்த்துவிட்டது.