ஆணையைக் காட்டுங்கள்

பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! உங்களைக் குறை சொல்லவில்லை. இன்றைய பேச்சே அந்தக் கைப்பேசிக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதைப் பற்றித்தான்.

2025 பிப்ரவரி 15ஆம் தேதி இரவு விகடன் இணையதளத்தைத் திறந்த பலருக்குப் பக்கம் வரவில்லை. நெட் மெதுவாக இருக்கிறதென்று ரவுட்டரை அணைத்துப் போட்டவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். விஷயம் ரவுட்டரில் இல்லை, ஒரு கேலிச்சித்திரத்தில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து நம் ஆட்களைக் கைவிலங்கு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள் அல்லவா? அதற்குப் பிரதமர் வாய் திறக்கவில்லையே என்று, ட்ரம்புக்குப் பக்கத்தில் மோடியை விலங்கோடு உட்காரவைத்து வரைந்திருந்தார்கள். ஆட்சேபம் அந்த ஒரு படத்தின் மேல். முடங்கியதோ மொத்தத் தளம். பயிர் வளர்க்கும் யோசனை, பங்குச்சந்தை, ராசிபலன் எல்லாம் சேர்ந்து போயின. ராசிபலனில் அன்றைக்கு என்ன போட்டிருந்ததோ தெரியாது! தளம் முடங்கிய பிறகுதான் நோட்டீஸ் வந்தது, அதற்குப் பிறகுதான் விசாரணைக் குழு கூடியது. தண்டனை முதலில், விசாரணை பிறகு. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், படத்தைத் தற்காலிகமாக எடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

ஒரு படத்துக்காக மொத்தத் தளத்தையும் மூடுவது புதிதில்லை. 2012இல் '3' என்ற படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள். இணைய நிறுவனங்கள் என்ன செய்தன? விமியோ, டெய்லிமோஷன் என்று பெரிய பெரிய தளங்களையே அடைத்துவிட்டன. 'கொலவெறி' பாட்டு இணையத்தில் உலகம் சுற்றியதால் பேர் வாங்கிய படம் அது! அது நீதிமன்ற உத்தரவு, அரசின் தணிக்கை இல்லை என்பது வேறு விஷயம். கருவி ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே விகடனுக்கு 1987இல் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட ஜோக்குக்காக, ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. நாடே கொதித்தது. சில நாளில் விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. அவர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். இழப்பீடாக ஆயிரம் ரூபாய் கிடைத்தது.

அவரால் ஏன் ஜெயிக்க முடிந்தது என்பதுதான் என் கேள்வி. தண்டித்தது யாரென்று ஊருக்குத் தெரியும். சபாநாயகர் பி.எச்.பாண்டியன் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தார். குற்றம் இன்னது, தண்டனை இவ்வளவு என்று காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய் நீதிபதி முன்னால் வைக்க முடிந்தது. அநியாயம்தான், ஆனால் முகம் உள்ள அநியாயம்.

இப்போது முகம் கிடையாது. ஒரு திரைப்பட விமர்சகர் 2011இல் ஒரு தளம் தொடங்கினார், வரதட்சணைக் கணிப்பான் என்று. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், சம்பளம் எவ்வளவு, நிறம் என்ன என்று தட்டினால், இவருக்கு இவ்வளவு கேட்கலாம் என்று சொல்லும். பச்சையான நையாண்டி. கல்யாணச் சந்தையைப் பார்த்த எந்தத் தமிழனுக்கும் அரை நிமிஷத்தில் புரிந்துவிடும். மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குப் புரியவில்லை. 2018இல் தளம் மறைந்தது. தளத்தை நடத்தியவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என்ன ஆணை, யார் போட்டது, எந்தக் காரணம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். ரகசியம், தர முடியாது என்று பதில் வந்தது. ஆணையின் நகலைக் கொடுங்கள், அவர் தரப்பையும் கேளுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2022 மே ஆகிவிட்டது. வரதட்சணையைக் கேலி செய்தவருக்கு, தன்மேல் உள்ள குற்றச்சாட்டைப் பார்ப்பதற்கே நான்கு வருஷம்!

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு என்ன சொல்கிறது? நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காகத் தளங்களை முடக்கலாம் என்கிறது. மாப்பிள்ளைக்கு விலை சொல்லும் நையாண்டியால் இவற்றில் எதற்கு ஆபத்து வந்தது? இந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. சொல்லும்போதே காரணமும் சொன்னது: முடக்குவதற்கான காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், அதை வைத்துப் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக முடியும் என்றது. ஆனால் 2009இல் போட்ட விதிகளில் 16ஆவது விதி, எல்லாவற்றையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. காரணத்தை எழுத்தில் வை, ஆனால் எழுத்தைக் காட்டாதே! இதற்குப் பெயர் பாதுகாப்பா?

69ஏயில் குழு, கூட்டம் என்று பெயருக்காவது ஒரு நடைமுறை இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்று 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சகம் 'சகயோக்' என்றொரு இணையவாயிலைத் தொடங்கியது. அதிகாரம் பெற்ற அதிகாரி அதன் வழியே நேராக நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம், இந்தப் பதிவை எடு என்று. எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அதன் பிறகுதான் இணைச் செயலர், டிஐஜி தகுதிக்குக் கீழே உள்ளவர்கள் அனுப்பக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நோட்டீஸ் வந்தால் பதிவை நீக்க 36 மணி நேரம் இருந்தது. 2026 பிப்ரவரியில் அதை மூன்று மணி நேரமாகச் சுருக்கினார்கள்.

மூன்று மணி நேரத்தில் எந்த நிறுவனம் வக்கீலைக் கேட்கும்? இது நையாண்டியா, அவதூறா என்று யார் உட்கார்ந்து யோசிப்பார்கள்? எடுத்துவிடு, தொல்லை விட்டது என்றுதான் இருப்பார்கள். உங்கள் பதிவுக்காக வாதாடி அவர்களுக்கு என்ன லாபம்? இப்படித்தான் அரசு தன் கையில் கறை படாமல் கத்தரிக்கோலை வியாபாரியின் கையில் கொடுக்கிறது. எழுதியவருக்குத் தன் பதிவு காணாமல் போனது தெரியும். யார் கேட்டு எடுத்தார்கள் என்பது பெரும்பாலும் தெரியாது.

வதந்தியைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நழுவிப்போக மாட்டேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போக வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய் அது. அந்தச் சாவுக்கு இணையமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. அடித்தவர்களைப் பிடிக்கப் பழைய தண்டனைச் சட்டமே போதுமானதாக இருந்தது. குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசத்துக்கும், பெண்களின் முகத்தை ஒட்டிப் போலிப் படம் செய்வதற்கும் தண்டனை உண்டு. அவற்றை உடனே நீக்குங்கள், ஆட்களையும் பிடியுங்கள். யார் தடுத்தார்? ஆனால் இந்தக் குற்றங்களைக் காட்டி வாங்கும் அதிகாரம், கேலிச்சித்திரத்தின் மேலும் பாய்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

வாயடைத்தால் அமைதி வரும் என்பவர்களுக்கு மணிப்பூரை நினைவுபடுத்துகிறேன். 2023 மே 3ஆம் தேதி கலவரம் வெடித்ததும் இணையத்தை நிறுத்தினார்கள். மறுநாள் இரண்டு பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலம் விட்டது ஒரு கும்பல். அந்த மாதமே காவல்துறையில் வழக்குப் பதிவானது. கைது? இல்லை. ஜூலை 19ஆம் தேதி அந்த வீடியோ வெளியே கசிந்தது. மறுநாள்தான் முதல் கைது, மறுநாள்தான் பிரதமர் பேசினார். இணையம் இல்லாத அந்த இரண்டரை மாதம் யாரைக் காப்பாற்றியது? நம் தூத்துக்குடியில் 2018இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். சுட்ட மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று ஊர் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

இதில் எந்தக் கட்சிக்கும் நான் நற்சான்றிதழ் தரவில்லை. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், இணையத்தில் எழுதியதற்கே ஆளைப் பிடிக்க வழிவிட்ட 66ஏ என்ற கொடும் பிரிவு 2008 டிசம்பரில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நாம் அனுப்பிய உறுப்பினர்களும் அந்த அவையில் இருந்தார்கள். 2012இல், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் இரண்டு வரி எழுதியதற்காக, புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரை விடியற்காலையில் வந்து பிடித்தார்கள். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர். இந்தக் கூட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும்! 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ரத்தான பிறகும் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் போடாதீர்கள் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. அதிகாரம் ஒருமுறை கைக்குப் போனால் திரும்பி வாங்குவது அவ்வளவு கஷ்டம்.

அதனால் என் கோரிக்கை சின்னது. இணையத்தை நிறுத்தினால் அந்த ஆணையை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தளங்களை முடக்கும் ஆணைக்கும் பதிவுகளை நீக்கச் சொல்லும் நோட்டீசுக்கும் அதே விதி வரட்டும். 16ஆவது விதியை நீக்குங்கள். எழுதியவருக்கு நோட்டீஸ் கொடுங்கள். சகயோக்கை மூடுங்கள். இவ்வளவையும் எழுதி, மத்திய அரசுக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், உடன்பாடு இருந்தால் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.