தளையும் விடுதலையும்

காங்கேசன்துறைப் பகுதியில் பனைமரங்கள் ஓங்கி நிற்பதை நேயர்கள் அறிவர். அம்மரங்களில் ஏறும் தொழிலாளர் அடிமரத்தின் அருகில் நின்று முதலிற் செய்வது யாது? தம் இரு பாதங்களையும் தளைநாருக்குள் மாட்டிக்கொள்கிறார். தளை என்னும் சொல்லுக்கு விலங்கு என்பது பொருள். தம் காலுக்குத் தாமே விலங்கிட்டுக்கொண்ட அம்மனிதர்தாம் மரத்தின் உச்சிவரை ஏறுகிறார். எனவே, கட்டு என்று பெயர் பெற்றதெல்லாம் அடிமைத்தனம் அன்று. இச்சிறு செய்தியை மனத்திற் கொண்டு, பலரும் முணுமுணுப்போடு ஏற்கும் ஒரு சட்டத்தை இங்கு ஆராய்தல் பொருத்தமாகும்.

இலங்கையில் மோட்டார் வண்டியின் முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப் பட்டி அணிதல் வேண்டும் என்னும் விதி 2011 ஒக்டோபர் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அணியாதவர் தண்டம் செலுத்த வேண்டும். “என் உயிர் என்னுடையது, அதைக் காப்பதும் காவாது விடுவதும் என் விருப்பம். இதில் அரசாங்கத்துக்கு என்ன அலுவல்?” என்று கேட்போர் உளர். இக்கேள்வி எள்ளி நகையாடத் தக்கதன்று. இதற்குப் பின்னால் ஒரு பெரும் சிந்தனை மரபே இருக்கிறது.

ஜோன் ஸ்டுவட் மில் என்னும் ஆங்கிலேய அறிஞர் சுதந்திரத்தைப் பற்றிய தமது நூலை 1859 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒருவன் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுக்கவே சமூகம் அவன்மீது அதிகாரஞ் செலுத்தலாம். அவனுடைய சொந்த நன்மை மாத்திரம் அதற்குப் போதிய காரணமாகாது என்பது அவர் கொள்கை. அந்நூல் வெளிவந்து சரியாக நூறு ஆண்டுகள் கழிந்தபின், 1959 இல், சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்த மூன்றுமுனைப் பட்டி வண்டிகளிற் பொருத்தப்பட்டது. தோளையும் இடுப்பையும் ஒருங்கே தாங்கும் அவ்வமைப்பைப் பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்த வொல்வோ இடமளித்தது. ஒரு நூற்றாண்டு இடைவெளியிற் பிறந்த இவ்விரண்டும், அக்கொள்கையும் இப்பட்டியும், பின்னர் ஒன்றோடொன்று மோதின.

பட்டி அணிவதை முதன்முதலிற் கட்டாயமாக்கியது அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அது 1970 இல் நிகழ்ந்தது. மில் பிறந்த பிரித்தானியாவிலோ பாராளுமன்றத்திற் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் பல தோற்றன. இறுதியில் 1983 ஜனவரி 31 ஆம் நாள்தான் அங்கு அது கட்டாயமாயிற்று. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் வயது வந்தோருக்கு இன்றும் அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே, உலகத்து நல்லறிவாளர் யாவரும் ஒருமித்து விடைகண்ட வினா இது என்று கருதுதல் தவறு.

இனி உண்மை நிலையை நோக்குவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு மதிலில் மோதினால், உள்ளே இருப்பவர் படும் அடி ஏறத்தாழ 14 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவர் படும் அடிக்குச் சமமாகும். அஃது ஒரு வளர்ந்த பனையின் உயரம். பனையின் உச்சியிலிருந்து விழும்போது கையை ஊன்றித் தப்பலாம் என்று எவரும் எண்ணார். வண்டியிலோ அவ்வாறே எண்ணுகின்றனர். மடியில் அணைத்த குழந்தையைத் தாயின் கைகள் தாங்கும் என்பதும் வீண் நம்பிக்கையே. மோதும் கணத்தில் அக்குழந்தையின் பாரம் பன்மடங்காகிறது. அன்பினால் அதைத் தாங்க இயலாது. முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணிந்தால் அவர்கள் இறக்கும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

“போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின்களிலும் மொறிஸ் மைனர்களிலும் பட்டி ஏது? அவற்றில் ஏறியும் உயிரோடுதானே இருந்தோம்?” என்பார் சிலர். அக்காலத்துக் குண்டுங் குழியுமான தெருவே அவ்வண்டிகளின் வேகத்தைக் கட்டிவைத்தது. இன்று தெருக்கள் திருந்தின; வேகமும் கூடியது. தெரு இட்ட கட்டு அவிழ்ந்தபோது, வேறொரு கட்டு தேவைப்படுவதில் வியப்பில்லை.

மேலும், பட்டி அணியாதவர் தமக்கு மாத்திரமே தீங்கு தேடுகிறார் என்பதும் முழு உண்மையன்று. பின்னாசனத்தில் கட்டின்றி இருப்பவர் மோதலின்போது முன்னால் இருப்பவர்மீது வீசப்படுகிறார். தம் உடலையே பிறர் உயிருக்குக் கேடாக்குகிறார். அவரைத் தூக்கிச் செல்லும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பொதுமக்களின் பணத்தில் நடப்பது. அங்கே ஒரு கட்டில் அவருக்காக ஒதுக்கப்படும்போது, இன்னொரு நோயாளி காத்திருக்கிறார். வீட்டிற் காத்திருப்போரின் துயரமோ எந்தக் கணக்கிலும் அடங்காது.

மில் அவர்களும் ஓரிடத்தில் ஒரு விதிவிலக்குக் கூறினார். இடிந்து விழக்கூடிய பாலம் என்பதை அறியாது ஒருவன் அதன்மேற் செல்கிறான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுப்பது அவன் சுதந்திரத்தைக் கெடுப்பதாகாது. ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று என்றார். பட்டி அணியாது செல்பவரும் இறப்பதை விரும்பிச் செல்பவர் அல்லர். மறந்தோ சோம்பியோ செல்பவரே.

ஆயினும் காங்கேசன்துறை மக்களிடம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுபவர் சற்று நிதானித்தே பேசல் வேண்டும். 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த அம்மக்கள் நெடுங்காலம் தம் வீட்டு வாசலை மிதிக்க அனுமதியின்றி வாழ்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அடைபட்ட காணிகள் பகுதி பகுதியாகவே மீண்டன. அவ்வூருக்கு ரயில் மீண்டும் வந்தது 2015 இல். “உங்கள் பாதுகாப்புக்காகவே” என்ற சொல்லைச் சோதனைச் சாவடிதோறும் கேட்டவர்கள், சீருடை அணிந்த ஒருவர் வண்டியை மறிக்கும்போது ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது.

அவ்வாறாயின் நல்ல கட்டையும் தீய கட்டையும் பிரித்தறிவது எவ்வாறு? யாவரையும் சமமாகக் கட்டுகின்றதா என்பது முதற் கேள்வி. கட்டப்பட்டவருக்கே பயன் தருகின்றதா என்பது இரண்டாவது. பயணம் முடிந்ததும் அவர் தம் கையாலேயே அவிழ்த்துக்கொள்ள இயலுமா என்பது மூன்றாவது. வீட்டை அடைத்த முள்வேலி இம்மூன்றிலும் தோற்றது. ஆசனப் பட்டி இம்மூன்றிலும் தேறுகின்றது. சமயநம்பிக்கையைத் தொடும் இடத்திற் சட்டம் வளைந்து கொடுக்கலாம் என்பதற்கும் சான்றுண்டு: தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து பிரித்தானியா 1976 இல் விலக்களித்தது.

குடிமகனிடம் கடமையைக் கேட்கும் அரசாங்கத்துக்கும் கடமையுண்டு. 2025 மே 11 ஆம் நாள் கொத்மலைப் பகுதியிற் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய பஸ்ஸில், நின்றுகொண்டு செல்பவர் எப்பட்டியை அணிவார்? பழுதற்ற வண்டியும், போதிய பஸ்களும், தண்டப் பணம் தனிப்பட்டவர் பைக்குட் செல்லாத ஒழுங்கும் இருந்தாலன்றிச் சட்டத்தின்மீது மதிப்புப் பிறவாது.

மாலையில் மரத்திலிருந்து இறங்கிய தொழிலாளர் தளைநாரைக் கழற்றித் தோளில் இட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். அதை அணியுமாறு அவரை எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை. மரத்தின் உயரமே கற்பித்தது. வேகத்தின் உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தெரியும்வரை சட்டம் நினைவூட்டட்டும். தெரிந்த பின்னர் சட்டத்துக்கு அங்கு அலுவல் இராது.